கிணற்றில் ஏறும் புகை

லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன் பிழைப்பில் ஒரு வேடிக்கை உண்டு. ஊர் உலகமெல்லாம் லிஃப்ட்டில் போகும், அவன் மட்டும் படியேறுவான். பின்னே? நன்றாக ஓடுகிற லிஃப்ட்டுக்கு யாராவது ஆள் கூப்பிடுவார்களா? நின்றுபோன பிறகுதான் கூப்பிடுவார்கள். நின்றுபோன லிஃப்ட்டின் மோட்டாரோ மொட்டைமாடிக்கும் மேலே, புறா எச்சம் நாறும் ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும். அங்கே போய்ச் சேர வேண்டுமானால் கால்தான் கதி.

நம் லிஃப்ட்காரர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படிப் படியேறிக்கொண்டிருந்தவர். ஏறுவதற்கு முன் தெம்புக்கு ஒரு சிகரெட், ஏறி முடித்தபின் களைப்புக்கு ஒரு சிகரெட். ஏறாத நாளில், ஏறவில்லையே என்பதற்காக ஒன்று. காரணம் கிடைக்காமல் அவர் சிகரெட்டைப் பற்றவைத்ததே கிடையாது. அந்த விஷயத்தில் மனுஷன் ரொம்ப நியாயஸ்தர்.

கூட வேலை செய்தவன் அவருடைய மனைவியின் தம்பி. இந்த மச்சினன் சிகரெட்டை விரலால்கூடத் தொட்டதில்லை. ஆனால் மூக்கு என்றால் அது மூக்கு. மூன்றாவது மாடியில் யார் வீட்டில் பால் அடிப்பிடித்தது என்று மொட்டைமாடியில் நின்று சொல்லுவான். அந்த மூக்கை வைத்துத்தான் இவர்கள் இரண்டு பேரும் தங்கள் தொழிலுக்கென்று ஒரு வழக்கம் உண்டாக்கி வைத்திருந்தார்கள். உண்டாக்கினார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது, அது தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

லிஃப்ட் ஏறி இறங்கும் நெட்டுக்குத்தான கூட்டை அவர்கள் கிணறு என்பார்கள். அதன் அடியில், தரைதளத்துக்கும் கீழே, ஆள் இறங்கி வேலை செய்ய ஒரு குழி இருக்கும். மச்சினன் உச்சியில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். லிஃப்ட்காரர் குழியில் இறங்குவார். வேலை முடிந்து வெளியே வந்ததும் தரைதளக் கதவருகில் நின்று ஒரு சிகரெட் பற்றவைப்பார். அந்தப் புகை கதவிடுக்கில் நுழையும். கிணறு அதை அடுப்புப் புகைபோக்கி மாதிரி இழுத்துக்கொண்டு போய், இரும்புக் கயிறு போகும் ஓட்டை வழியாக மச்சினன் மூக்கில் சேர்க்கும். 'மாமா வெளியே வந்தாச்சு' என்று அவன் மெயினைப் போடுவான். கிணற்றுக்குள் போன் எடுக்காது. கத்தினால் எதிரொலி குரலை மென்று துப்பிவிடும். புகை மட்டும் ஒரு நாளும் ஏமாற்றியதில்லை.

கம்பெனி சொல்லிக்கொடுத்த முறை வேறு. குழியில் இறங்கியதும் அங்கிருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும், அழுத்தினால் மேலே யார் என்ன செய்தாலும் லிஃப்ட் அசையாது. மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைக் குழியில் இறங்குகிறவன் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் இவர்களுக்கும் தெரியும். தெரிந்து என்ன? பூட்டு கருவிப் பையின் அடியில் துருவேறிக் கிடந்தது. 'நமக்குள்ள என்னத்துக்கு மாப்ளே பூட்டெல்லாம்' என்று இவர் சொல்லுவார், அவனும் பெருமையாகச் சிரிப்பான்.

இப்படியே போயிருக்கும். ஒருநாள் படியேறும்போது லிஃப்ட்காரருக்கு மூச்சு முட்டிப் போனதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பாதி வழியில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. மச்சினன் பயந்துபோய் அக்காவுக்குச் சொல்லிவிட்டான். அன்று சாயங்காலம் அவள் சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எங்கப்பா இழுத்து இழுத்து மூச்சு விட்டுச் செத்ததைப் பக்கத்துல உக்காந்து பாத்தவ நான். இன்னொரு தடவை பாக்க எனக்குத் தெம்பு இல்லீங்க."

அவள் சண்டை போட்டிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்திவிட்டு வெளியே போய் ஒன்று பற்றவைத்திருப்பார். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. மறுவாரம் இருவருமாக டாக்டரைப் பார்க்கப் போனார்கள்.

டாக்டரம்மா நிதானமான ஆள். பயமுறுத்தவில்லை, உபதேசமும் செய்யவில்லை. சிறுநீரகம் எப்படி, வலிப்பு வந்ததுண்டா, மனசு சோர்ந்துபோய் எப்போதாவது வைத்தியம் பார்த்ததுண்டா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் மாத்திரை எழுதினாள். முதல் சில நாள் சிகரெட்டும் இருக்கலாம், மாத்திரையும் போட வேண்டும், குறித்துக்கொடுத்த நாளில் சிகரெட்டை நிறுத்திவிட வேண்டும் என்றாள். வெறும் வயிற்றில் போடக்கூடாது, சாப்பிட்டுவிட்டு டம்ளர் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் குமட்டும். பிறகு பேனாவை மூடிவிட்டு அவரை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"கனவு வரும். சாதாரணக் கனவு மாதிரி இருக்காது, நடந்த மாதிரியே இருக்கும். அதுக்குப் பயப்பட வேண்டாம். ஆனா மனசு இருண்டு போற மாதிரி இருந்தாலோ, தூக்கத்துல எழுந்து நடந்தாலோ, மாத்திரையை அப்படியே வெச்சுட்டு உடனே எங்கிட்ட வரணும். மெஷின் வேலைன்னு சொல்றீங்க. உடம்புக்கு எப்படி ஒத்துக்குதுன்னு தெரியற வரைக்கும் ரொம்ப ஜாக்கிரதையா இருங்க."

வாசல்வரை போனவரைக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னாள். வீட்டில் இருக்கும் சிகரெட்டை எல்லாம் தண்ணீரில் ஊறவைத்துக் குப்பையில் கொட்ட வேண்டும், யாருக்கும் கொடுக்கக்கூடாது. லிஃப்ட்காரர் தலையை ஆட்டினார். ஆட்டுவதற்கென்ன, ஆட்டிவைத்தார்.

மாத்திரை வேலை செய்தது. எப்படி வேலை செய்தது என்பதுதான் விசேஷம். சில நாளிலேயே சிகரெட் சப்பென்று ஆகிவிட்டது. இழுத்தால் புகை வருகிறது, ருசி இல்லை. நெஞ்சுக்குள் வழக்கமாக வந்து உட்காரும் அந்தச் சுகம் வாசலோடு திரும்பிப் போனது. யாரோ ஏற்கெனவே இழுத்து முடித்துவிட்டு மிச்சத்தைத் தம் வாயில் செருகிவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு. அந்த எண்ணம் வந்த கணம் முதுகில் சில்லென்றது. ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை.

குறித்த நாளில் நிறுத்தினார். கஷ்டமாக இருக்கும் என்று பயந்துகொண்டிருந்தவருக்கு, அவ்வளவு கஷ்டமாக இல்லாததுதான் என்னவோ போல் இருந்தது. கை மட்டும் சட்டைப் பைக்குப் போய்ப் போய் வந்தது. வீட்டில் அலமாரி மேல் பிரிக்காத பாக்கெட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு அவற்றின் எதிரில் உட்கார்ந்தார். மனசு வரவில்லை. நல்ல பொருளை எப்படித் தண்ணீரில் போடுவது? அவர்கள் மாதாமாதம் பராமரிக்கும் பழைய கட்டடம் ஒன்றில் ஒரு வாட்ச்மேன் இருந்தான். அவனுக்கும் இவருக்கும் ஒரே உயரம், ஒரே பிராண்டு. இருந்தாலும் பாதி நாள் இவரிடம்தான் கைநீட்டுவான். பெட்டியோடு அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவனுக்கு வாயெல்லாம் பல். மனைவியிடம் 'ஊறவெச்சுக் கொட்டிட்டேன்' என்று ஒரு பொய். சின்னப் பொய்தான்.

பிறகு கனவு வந்தது. டாக்டரம்மா சொன்னபடியே, நடந்த மாதிரி வந்தது.

கனவில் அவர் குழிக்குள் இருக்கிறார். முழங்காலில் ஈரம் தெரிகிறது, கிரீஸ் வாடை தெரிகிறது. தலைக்கு மேலே தரைதளக் கதவு ஒரு சாண் திறந்திருக்கிறது. அந்த இடுக்கில் இரண்டு குதிகால்கள். வெளியே யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். இடதுகால் ஷூவின் குதி உள்பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. தேய்ந்த அந்தக் குதி யாருடையது என்று அவருக்குத் தெரியும், காலையும் மாலையும் அதைத்தானே மாட்டிக் கழற்றுகிறார்! நிற்கிறவன் இருமுகிறான். அந்த இருமலும் இவருடையதே, முதலில் இரண்டு சின்னது, அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஒன்று பெரிதாக. புகை மெல்லச் சுருண்டு கிணற்றுக்குள் ஏறுகிறது. 'நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்' என்று கத்தப் பார்க்கிறார். வாய் திறக்கிறது, சத்தம் இல்லை. மேலே டக்கென்று மெயினைப் போடும் சத்தம் விழுகிறது.

காலையில் இதை மனைவியிடம் சொன்னபோது பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். தேய்ந்த குதியைப் பற்றி மூச்சு விடவில்லை.

இன்னொரு தொல்லையும் கிளம்பியது. மூக்கு திரும்பி வந்தது. அதுநாள்வரை மூக்கு என்று ஒன்று முகத்தில் ஒப்புக்கு இருந்தது, அவ்வளவுதான். இப்போது சோப்பு வாசனை, மழைக்கு முந்திய காற்று, மனைவியின் தலைமுடி எல்லாம் புதுசாக வந்து மோதின. அவற்றோடு, வீடெங்கும் ஓர் ஆள் வாடையும் அடித்தது. திரைச்சீலையில், மெத்தையில், அலமாரிச் சட்டைகளில், பால்கனிக் கம்பியில். பழைய புகையும் வியர்வையும் கலந்த ஒருவனுடைய வாடை. முன்பின் தெரியாதவன் ஒருவன் இத்தனை காலம் இதே வீட்டில் குடியிருந்துவிட்டு, இவர் வரும் சத்தம் கேட்டு இப்போதுதான் அடுத்த அறைக்கு நழுவிய மாதிரி. அடுத்த அறைக்குப் போனால் வாடை இந்த அறையில் இருக்கும்.

ஒருநாள் விடியற்காலையில் மனைவி பால்கனிக் கதவருகில் நின்று மூக்கை உறிஞ்சினாள். "உண்மையைச் சொல்லுங்க. பிடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சத்தியம் செய்தார். செய்யும்போதே ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. தூக்கத்தில் எழுந்து நடந்தால் என்று டாக்டரம்மா சொன்னாளே! தாமேதான் எழுந்து போய்ப் பிடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவராக வந்து படுத்துக்கொள்கிறாரோ? அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. அன்று ராத்திரி வெளிக்கதவையும் பால்கனிக் கதவையும் பூட்டி, சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். அவர் புரளக்கூட இல்லை என்று காலையில் சாட்சி சொன்னாள். வாடை மட்டும் இருந்தது.

இருவரும் டாக்டரம்மாவிடம் போனார்கள். அவள் சிரிக்கவில்லை. மனசு எப்படி இருக்கிறது, சாக வேண்டும் போல் தோன்றுகிறதா, யார்மேலாவது காரணமில்லாமல் கோபம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இல்லை, பயம் மட்டும்தான் என்றார். மாத்திரையின் அளவைக் குறைத்தாள். ராத்திரி மாத்திரையைப் படுக்கப் போகும்போது போடாமல் சாயங்காலமே சாப்பாட்டோடு போடச் சொன்னாள். வீட்டு வாடை பழைய புகைதான், சுவரிலும் துணியிலும் ஊறியது, உங்கள் மூக்குக்கு இப்போதுதான் கண் திறந்திருக்கிறது, உங்கள் மனைவியும் இப்போதுதான் மோப்பம் பிடித்துத் தேடுகிறாள் என்றாள். திரைச்சீலையைத் துவைத்தபோது தண்ணீர் டீ நிறத்தில் இறங்கியது. மனைவி முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அலசினாள். சுவருக்கு வெள்ளையடித்தார்கள். வாடை போய்விட்டது. கனவும் விட்டது. மூச்சு லேசானது. இருமல் நின்றே போயிற்று.

'அப்பாடா, கிளம்பிட்டான்' என்று அவர் தமாஷாகத்தான் சொன்னார். 'யாரு?' என்று மனைவி கேட்டாள். அவர் சுவரின் புது வெள்ளையைத் தடவிப் பார்த்தார்.

வேலையிலும் ஓர் ஏற்பாடு செய்தாக வேண்டியிருந்தது. புகை இல்லையே, இனி மேலே எப்படித் தெரியும்? வெளியே வந்தபின், லிஃப்ட் ஓடும் இரும்புத் தண்டில் ஸ்பேனரால் ஓங்கித் தட்டுவது என்று பேசிக்கொண்டார்கள். தட்டினால் ஓசை உச்சிவரை போகும். நன்றாகவே நடந்தது. பூட்டும் சிவப்புப் பொத்தானும்? அவை இருந்த இடத்திலேயே இருந்தன. மனுஷ புத்தி இருக்கிறதே, ஒன்றைத் திருத்திக்கொண்டால் எல்லாவற்றையும் திருத்திக்கொண்டதாக நினைத்துக்கொள்ளும்.

அந்தப் பழைய கட்டடத்தில் வேலை வந்தது. வாட்ச்மேன் இருக்கும் அதே கட்டடம்தான். தரைதளக் கதவின் பூட்டு சுவிட்ச் கெட்டுப்போயிருந்தது. கதவு சரியாக மூடினால்தான் லிஃப்ட் அசையும், அதைச் சொல்லும் சுவிட்ச் அது. சோதிப்பதற்காக லிஃப்ட்காரர் ஓர் ஒயர்த் துண்டைப் போட்டு, கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக லிஃப்ட்டை ஏமாற்றி வைத்திருந்தார். குழியில் வேறு ஊற்றுத் தண்ணீர் தேங்கியிருந்தது. மச்சினன் மேலே போய் மெயினை அணைத்துவிட்டு உட்கார்ந்தான். இவர் வாளியோடு குழியில் இறங்கினார். லிஃப்ட் பெட்டி மேல்மாடி ஒன்றில் நின்றது. கரண்ட் வந்தால் தானாகத் தரைதளத்துக்கு இறங்கி வந்து நிற்கும் பழக்கம் அதற்கு. பழைய காலத்துக் குழி, ஆழம் குறைவு. நிமிர்ந்து நின்றால் மார்பு தரைமட்டத்துக்கு வரும்.

குனிந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். முழங்காலில் ஈரம். கிரீஸ் வாடை. அப்புறம் இன்னொரு வாடை வந்தது.

அவருடைய பிராண்டு. சந்தேகமே இல்லை.

நிமிர்ந்து பார்த்தார். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. இடுக்கில் இரண்டு குதிகால்கள் நின்றன. இடது குதி உள்பக்கமாகத் தேய்ந்திருந்தது. முதலில் இரண்டு சின்னது, அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஒன்று பெரிதாக, இருமல் கேட்டது.

கனவுதான் என்று அவர் நினைத்தார். கனவு என்று நினைத்ததால் பேசாமல் நின்றார். அந்தக் குதிகாலையே பார்த்துக்கொண்டு, இப்போது நமக்குச் சத்தம் வராது, இனி மேலே டக்கென்று விழும் என்று, நடக்கப் போவதை ஒவ்வொன்றாக எதிர்பார்த்துக்கொண்டு நின்றார். டக்கென்று விழுந்தது. கயிறுகள் ஒருமுறை சிலிர்த்தன. உச்சியில் மோட்டார் முனகியது. கிணற்று வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பித்தது.

குறைந்த வெளிச்சத்தில் எதிர்ச்சுவரில் ஒன்று கண்ணில் பட்டது. சிவப்புப் பொத்தான். கனவில் அது இருந்ததே இல்லை!

வாளி ஒருபக்கம், ஆள் ஒருபக்கம் என்று தண்ணீரில் விழுந்து, உள்ளங்கை மொத்தமும் அதன்மேல் படும்படி அறைந்தார். தலைக்கு மேலே இரும்பு கிறீச்சிட்டு நின்றது. எழுந்து நின்று கையை நீட்டினார், பெட்டியின் அடித்தகடு விரலில் தட்டியது. முழுக்கையை நீட்ட வேண்டியிருக்கவில்லை.

மச்சினன் படியில் ஓடிவரும் சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டது. கதவைப் பிளந்து, அவர் அக்குளில் கைகொடுத்து இழுத்து வெளியே போட்டான். அவர் மேலெல்லாம் தடவிப் பார்த்தான், தலை, தோள், கால். அப்புறம் தரையிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். இவருக்குக் கோபம் வந்தது. தட்டினேனா, தட்டாமல் எப்படிடா போட்டாய் என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"வாடை வந்துச்சு மாமா. கை தானாப் போயிடுச்சு. போட்ட பெறகுதான் நீங்க விட்டுட்டது ஞாபகம் வந்துச்சு. பழக்கம் உங்களுக்கு மட்டுமா இருந்துச்சு?"

சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்துவிட்டது. இத்தனை வருஷம் தாம் விட்ட புகையைத் தினமும் உச்சியில் உட்கார்ந்து ஒருவன் வாங்கிக்கொண்டிருந்தான். தமக்கு டாக்டர் இருந்தாள், மாத்திரை இருந்தது, மனைவி சாவியோடு காவல் படுத்தாள். அவன் கைக்கு யார் மாத்திரை கொடுத்தார்கள்? அவர் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். இன்னும் ஒரு முழம் இறங்கியிருந்தால் அவன் தன் அக்காவிடம் போய் என்ன சொல்லியிருப்பான் என்ற நினைப்பு வந்ததும் அவருக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

தபால் பெட்டிகள் இருக்கும் மூலையில் வாட்ச்மேன் நின்றுகொண்டிருந்தான். விரலிடுக்கில் பாதி சிகரெட் எரிந்துகொண்டிருந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மச்சினன் அவனை அடிக்கவே எழுந்துவிட்டான். லிஃப்ட்காரர் தடுத்தார். அவன் காலைப் பார்த்தார். ரப்பர் செருப்பு.

"நீங்க விட்டுட்டீங்கன்னு தெரியும் சார். உங்க முன்னாடி பிடிக்கக் கூடாதுன்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன்," என்றான் வாட்ச்மேன். "நீங்க வெளியே வந்து, கதவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னீங்க. பையில கையை விட்டுத் தேடினீங்க. பாவம், ஒண்ணு பத்த வெச்சு உங்க கையில கொடுக்கலாம்னுதான் சார் பத்த வெச்சேன்."

லிஃப்ட்காரர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவரை இழுத்துப் போட்ட ஈரத்தைத் தவிர அங்கே தரை காய்ந்திருந்தது. குழியிலிருந்து அதற்கு முன் யாராவது வெளியே வந்திருந்தால் தண்ணீர்த் தடம் இருந்திருக்கும்.

மிச்சமிருந்த பாக்கெட்டுகளை வாட்ச்மேனே எடுத்துவந்து கொடுத்தான். வைத்துக்கொள்ள அவனுக்கும் தைரியமில்லை. லிஃப்ட்காரர் அவற்றை வாளித் தண்ணீரில் பிரித்துப் போட்டு, கையை விட்டுப் பிசைந்து கூழாக்கினார். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார், அந்தச் சின்னப் பொய் உட்பட. அவள் கொஞ்ச நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, போய்த் தம்பிக்கும் சேர்த்துச் சாப்பாடு எடுத்துவைத்தாள். டாக்டரம்மாவிடமும் சொன்னார்கள். அவள் வெகுநேரம் விசாரித்தாள். மருந்து முடியும்வரை குழியில் இறங்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவர் இறங்கவில்லை. மருந்தை நடுவில் விடாமல், சொன்ன காலம் முழுதும் போட்டு முடித்தார். சிகரெட் திரும்பி வரவில்லை. துருப்பிடித்த பூட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பூட்டு வாங்கினார்கள்.

மூச்சு நன்றாகத் திரும்பியபின் வேலையை மாற்றிக்கொண்டார்கள். இனி மெயினுக்குப் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று மச்சினன் பிடிவாதமாகச் சொல்லிவிட்டான். அதனால் அவன் குழிக்கு, இவர் உச்சிக்கு. அதே பழைய கட்டடத்தில் படியை நிற்காமல் ஏறி, மெயினை அணைத்துப் பூட்டினார். சாவியை மச்சினன் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கீழே போனான். புறா எச்ச வாடையில், கால்மேல் கால் போட்டு அவர் உட்கார்ந்தார். இத்தனை காலம் அவன் உட்கார்ந்த ஸ்டூல். சுவரும் கூரையும் பழுப்பேறியிருந்தன, இவர் விட்ட புகைதான். அதைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

கீழே ஸ்பேனர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

கயிறு போகும் ஓட்டை வழியாக மெல்லிசாக ஏதோ சுருண்டு மேலே வந்தது. அவருடைய பிராண்டு. வாட்ச்மேன் அந்தக் கட்டடத்தை விட்டே போய் ரொம்ப நாளாகியிருந்தது. கிணற்றின் அடியிலிருந்து இருமல் ஏறி வந்தது. முதலில் இரண்டு சின்னது, அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஒன்று.

அவர் கை மடியை விட்டு எழுந்து சுவிட்சுப் பக்கம் போனது. பூட்டில் பட்டு நின்றது. இரும்பு குளிர்ந்திருந்தது. அந்தக் கையை மற்றக் கையால் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டையருகில் குனிந்தார். கத்தினார். இந்தத் தடவை சத்தம் வந்தது.

"மாப்ளே! வெளியே வந்துட்டியா?"

எதிரொலி அதை மென்று தின்றது. அவர் காத்திருந்தார். வெகு ஆழத்திலிருந்து, ஒன்றும் அறியாத குரலில் பதில் வந்தது.

"இல்ல மாமா. இன்னும் உள்ளதான் இருக்கேன்."